கல்லில் எழுந்த மேடும் நுஸ்ரத்தில்லா வீட்டுக் கல்யாணமும்

முவத்தர் ராத்திரி வீட்டுக்கு வருவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நுஸ்ரத்தில்லாவின் மனைவி ஷரோஃபத். சொன்ன விதம்தான் சரியில்லை. தந்தூர் அடுப்பில் ரொட்டி ஒட்ட வந்த பெண்களுக்கு நடுவில், குரலைத் தாழ்த்தி, புருவத்தை மட்டும் உயர்த்திச் சொன்னாள். முப்பது தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், நிறையப் படித்தவள், பார்க்கவும் குறை சொல்ல முடியாது. அப்படிப்பட்டவள் ராத்திரி எங்கே தங்குகிறாள் என்ற கேள்வி வந்தால் யாருக்குத்தான் ரொட்டி மேல் கவனம் இருக்கும்? அன்று தெருவில் பாதி வீடுகளில் அடி கருகிய ரொட்டி.

விசாரித்ததில் ஏமாற்றம்தான் மிச்சம். அவள் தங்கியது ஐஸ் வீட்டில். கூட இருந்தது ஒரு கல்.

ஐஸ் வீடு என்பது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் இயற்பியல் நிலையத்தின் பின்கூடத்துக்கு நாங்கள் வைத்த பெயர். உள்ளே ஐஸ் கிடையாது. ஐஸையே அடுப்புக் கரி என்று நினைக்க வைக்கிற குளிர் இருக்கிறது. கூரையிலிருந்து ஒரு நீண்ட உருளை தொங்கும். அதற்குள் ஓர் உருளை, அதற்குள் இன்னொன்று, கல்யாணப் பெண்ணின் உடுப்பு மாதிரி அடுக்கடுக்காக. எல்லாவற்றுக்கும் உள்ளே பட்டாணி அளவில் ஒரு பச்சைப் படிகம். முவத்தரே சூளையில் வைத்து மாதக்கணக்கில் வளர்த்தது. பிள்ளை வளர்க்கிற வயதில் கல் வளர்க்கிறாள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதுவும் ஷரோஃபத் சொன்னதுதான், நான் இல்லை.

உள்ளே அப்படிக் குளிர் என்றால் வெளியே சுவர் கொதிக்கும். பம்புகள் இருக்கிற கொட்டகையின் ஜன்னல் வழியே சூடான காற்று வந்துகொண்டே இருக்கும். பனிக்காலத்தில் மாவு பொங்க அதைவிட நல்ல இடம் எங்களுக்குக் கிடையாது. மாவுச் சட்டியை எடுக்கப் போனபோதுதான் முவத்தரிடம் கேட்டேன்.

"குளிர் பண்றேன்னு சொல்றே, சுவத்துல கை வைக்க முடியல. மிஷின்ல எங்கயாவது ஓட்டையா?"

"ஓட்டை இல்ல, ஓய்தின் அக்கா. உள்ள இருக்கற சூட்டை எடுத்து எங்கயாவது கொட்டணும்ல. சூடு தானாப் போச்சுன்னா குளிர்ந்த பக்கம்தான் போகும். அதை எதிர்ப்பக்கம் தள்ளணும்னா மெனக்கெடணும். மெனக்கெட்டா அதுல இன்னும் சூடு வரும். ஒரு துளி குளிருக்கு ஒரு அண்டா சூடு. இதுக்கு விதிவிலக்கே கிடையாது."

"அப்ப எங்க மாவு பொங்கறது உன் கல்லோட சூட்டுல."

"கல்லுலேருந்து வர்றது ஒரு சிட்டிகைகூட இல்ல. மீதி எல்லாம் அதைச் சுமந்துட்டு வந்த கூலி."

"நல்ல கூலி. சரி, அந்தக் கல்லுல அப்படி என்னதான் இருக்கு? ஆம்பளையா இருந்தாக்கூட இவ்வளவு நேரம் பாத்துட்டு இருக்க மாட்டாங்களே."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதற்கு எதிராகத் திரும்பி நிற்க விரும்பும். இரண்டு பேர் என்றால் ஒருத்தி மேலே பார்ப்பாள், இன்னொருத்தி கீழே பார்ப்பாள், தீர்ந்தது. இந்தக் கல்லில் மும்மூன்றாக முக்கோணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாமவள் யாருக்கு எதிராகத் திரும்புவாள்? மேலே பார்த்தால் ஒருத்தியோடு ஒத்துப்போகிறாள், கீழே பார்த்தால் மற்றவளோடு. ஒரே சமையலறையில் மூன்று ஓரகத்திகள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

குளிர் கூடக்கூட உலகத்தில் எல்லாப் பொருளும் அடங்கி ஒடுங்கி வரும் என்பது சட்டமாம். கடைசிக் குளிர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடவே முடியாது, நெருங்கலாம், அவ்வளவுதான். நெருங்க நெருங்க உள்ளே இருக்கிற குழப்பம் சுத்தமாக இல்லாமல் போக வேண்டும். மற்ற கற்களில் காந்தங்கள் தொழுகைக்கு நிற்கிற மாதிரி வரிசை கட்டிவிடும். முவத்தரின் கல் எவ்வளவு குளிர வைத்தாலும் வரிசைக்கு வர மறுத்தது.

"சட்டத்தை மீறுதா? நம்ம ஊர்ல வளந்த கல்லுதானே," என்றேன்.

"மீறலக்கா, அதான் அழகு. ஒரு குறிப்பிட்ட குளிர்ல எல்லாரும் சேந்து ஏதோ ஒரு ஒப்பந்தத்துக்கு வர்றாங்க. யாரும் வரிசையில நிக்கல. நீ எந்தப் பக்கம் பாக்கறேன்னு ஒருத்தியக் கேட்டா, எல்லாப் பக்கமும்னு சொல்லுவா. ஆனா மொத்தக் கல்லும் ஒரே ஆள் மாதிரி நடந்துக்குது. குழப்பம் போயிடுது, ஒழுங்கும் வரல. இப்படி ஒரு நிலை உண்டான்னு உலகத்துல பலபேர் தேடிட்டு இருக்காங்க."

"அதை நீ பாத்தியா?"

"காந்தத்தப் பாக்க முடியாது. கல்லுக்குத் துளித்துளியா சூடு குடுத்து, எவ்வளவு வாங்கிக்குதுன்னு அளப்பேன். அந்த ஒரு குளிர்ல மட்டும் கூடுதலா முழுங்குது. வரைபடக் கோட்டுல ஒரு மேடு எழும்புது."

ஒட்டகத்தின் முதுகு மாதிரி ஒரு மேடு. அதைத் திரையில் எனக்குக் காட்டவும் செய்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் காட்டும்போது அவள் முகம் இருந்த விதத்தைப் பார்த்து, இவளைப் பற்றி இனி தந்தூர் அடுப்பருகே பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வினை டென்மார்க்கிலிருந்து வந்தது. அங்கே ஹோல்கர் என்று ஒரு பேராசிரியர், இந்தக் கற்கள் விஷயத்தில் பெரிய ஆள். போன இலையுதிர் காலத்தில் முவத்தரின் அளவையைப் பார்க்க நேரில் வந்தார். வந்த நேரம் நுஸ்ரத்தில்லாவின் மூத்த மகனுக்குக் கல்யாணம். ஒரு வெள்ளைக்காரர் தெருவில் இருக்கும்போது நுஸ்ரத்தில்லா விடுவாரா? தலையில் தொப்பியும் உடம்பில் பட்டு மேலங்கியுமாக அந்த மனிதரை நடுவில் இறக்கி ஆட வைத்துவிட்டார்கள். ஆடினார், நன்றாகவே ஆடினார். ஊருக்குப் போய் யோசித்திருக்கிறார். அந்தத் தாயிரா மேளங்களின் அடி தன் விலா எலும்புக்குள் எப்படி இறங்கியது என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. அப்படியே முவத்தருக்குப் போன் செய்தும், ஒரு பெரிய கூட்டத்திலும் சொல்லிவிட்டார்: அந்த மேடு கல்லின் மேடு இல்லை, கல்யாணத்தின் மேடு. மேளம் தரையை அதிர வைத்திருக்கிறது, அதிர்வு கல்லைச் சூடாக்கியிருக்கிறது.

அது முட்டாள்தனமான சந்தேகம் இல்லை என்று முவத்தரே சொன்னாள். அத்தனை குளிரில் பக்கத்தில் ஒருவர் நாற்காலியை இழுத்தால்கூடக் கல்லுக்குச் சூடு ஏறும். அவள் போன முறை அளந்ததும் கல்யாண சீசனில்தான்.

இது நிலையத்துத் தலைவர் காதுக்குப் போனது. அவருக்கு ஏற்கெனவே ஐஸ் வீட்டின் மேல் ஒரு கண். அந்த உயரமான கூரை, அகலமான கதவு, வாசலில் கார் நிறுத்த இடம். சரவிளக்கு தொங்கவிட்டால் கல்யாண மண்டபம். கேட்டு வந்தவர்களும் இருந்தார்கள். வசந்தத்துக்குள் மேடு உண்மை என்று நிரூபி, இல்லாவிட்டால் இயந்திரத்தைக் கழற்றிக் கிடங்கில் போடுவோம் என்று சொல்லிவிட்டார். கல்யாணச் சத்தத்தால் கெட்ட ஆய்வைத் தூக்கிவிட்டு அங்கேயே கல்யாணம் நடத்துவது. இதை யோசித்த மூளையைப் பாராட்டத்தான் வேண்டும்.

முவத்தரும் லேசுப்பட்டவள் இல்லை. ரமலான் மாதத்தில் எங்கள் ஊரில் எவனும் கல்யாணம் வைக்க மாட்டான். மேளம் கிடையாது, கர்னாய் எக்காளம் கிடையாது, பகலில் பசித்த வயிற்றோடு யாரும் தெருவில் ஓடக்கூட மாட்டார்கள். குளிரவைக்கத் தேவையான திரவ ஹீலியம் ரமலான் தொடங்கும்போது வந்து சேர்கிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தாள். அவளோடு வேலை பார்க்கிற கொரியக்காரர் வலேரி பாக் பம்புகளை எல்லாம் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். அவர் நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர். "அருமையான திட்டம்" என்று அதில் இரண்டைச் செலவழித்தார்.

ஹீலியத்துக்கு ரமலான் தெரியாதே. லாரி கஜகஸ்தான் புல்வெளியில் அச்சு முறிந்து நின்றது. அச்சு வந்தால் ஆள் வரவில்லை, ஆள் வந்தால் பனி வந்தது. ஆள் உயர எஃகுக் குடுவைகளோடு அது எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது பெருநாள் முடிந்துவிட்டது. ஒரு மாதம் அடக்கி வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் மடை திறந்த மாதிரி வந்துகொண்டிருந்தன. முதல் கல்யாணம் மறுநாள் காலை. நுஸ்ரத்தில்லாவின் இளைய மகனுக்கு. அவர்கள் வீட்டு இரும்பு வாயிற்கதவு ஐஸ் வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பதித்தது.

ஹீலியத்தை மூடி வைத்துக் காத்திருக்கவும் முடியாது. எவ்வளவு நல்ல குடுவையானாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழியிலேயே பாதி போய்விட்டது. மிச்சத்தை வைத்து இரண்டு தடவை அளக்கலாம், அதற்கு மேல் இல்லை.

அன்று மாலை நுஸ்ரத்தில்லா வீட்டு முற்றத்தில் தெருவின் ஆண்கள் எல்லாம் உட்கார்ந்து மறுநாள் காலைப் புலாவ் விருந்துக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். காரட் நறுக்குகிற கூட்டத்தில் பெண்களுக்கு வேலை இல்லை. முவத்தர் நேராக உள்ளே போனாள். அவள் தனியாகப் போவது நன்றாக இருக்காதே என்று நானும் பின்னால் போனேன்.

நுஸ்ரத்தில்லா சிமெண்ட் வியாபாரி. வயிறும் குரலும் பெரிது. அவள் சொல்வதைக் கத்தியை நிறுத்தாமலே கேட்டார்.

"கர்னாய் இல்லாம கல்யாணமா? பொண்ணே, உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"நாள் முழுக்க வேணாம், சித்தப்பா. காலைல மட்டும். விடியறதுலேருந்து புலாவ் முடியற வரைக்கும்."

"புலாவுக்கு ஊர்ல பாதிப் பேர் வருவான். கர்னாய் ஊதலன்னா எங்க வீட்டுல கல்யாணம்னு எவனுக்குத் தெரியும்?"

ஆள் உயரத்தைவிட நீளமான பித்தளைக் கர்னாயைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காரட் தின்றுகொண்டிருந்த எர்காஷ் தலையை உயர்த்தினான். "மெதுவா ஊதட்டுமா?"

"நீ மெதுவா ஊதி எவன் கேட்டிருக்கான்?" என்றார் நுஸ்ரத்தில்லா. "போன கல்யாணத்துல நீ ஊதினதுல என் மாடு ஒரு வாரம் பால் குடுக்கல."

முவத்தர் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். கல், மேடு, டென்மார்க், தலைவர், சரவிளக்கு. பேராசிரியர் போன கல்யாணத்து மேளத்தைத்தான் குறை சொல்கிறார் என்ற இடத்தில் நுஸ்ரத்தில்லாவின் கத்தி நின்றது.

"இரு. எங்க வீட்டு மேளமா? டென்மார்க்ல உக்காந்துட்டு ஒரு ஆளு எங்க வீட்டு மேளத்தப் பத்திப் பேசறானா?"

"ஆமா சித்தப்பா. பெரிய கூட்டத்துலயே பேசியிருக்கார்."

"என் வீட்டு மேளம் கல்லுக்குள்ள எறங்கிடுச்சுன்னு."

"எறங்கிடுச்சுன்னு அவர் சொல்றார். இல்லன்னு நான் சொல்றேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். காரட் நறுக்குகிறவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டார். முவத்தர் அந்த இடத்தைப் பிடித்தாள்.

"சத்தம் போடாதீங்கன்னு மட்டும் கேக்க வரல. காலைல சத்தமே இல்லாம ஒரு தடவை அளப்பேன். சாயங்காலம் பொண்ணு வர்றப்ப இன்னொரு தடவை. அப்ப கர்னாய், தாயிரா எல்லாத்தையும் எங்க சுவர் ஓரமா நிறுத்தி, உங்களால முடிஞ்ச அளவு ஊதணும், அடிக்கணும். ரெண்டுலயும் மேடு ஒரே இடத்துல வந்தா அது கல்லோடது. சத்தத்தோட வந்து சத்தத்தோட போனா உங்களோடது."

கல்யாணக்காரரிடம் இன்னும் சத்தமாக ஊதுங்கள் என்று பக்கத்து வீட்டிலிருந்து வந்து கேட்டது எங்கள் தெருவின் வரலாற்றில் முதல் தடவை. நுஸ்ரத்தில்லா எர்காஷைப் பார்த்தார்.

"இன்னொரு கர்னாய் கெடைக்குமா?"

"என் மச்சான்கிட்ட இருக்கு."

"கொண்டா. காலைல எவனாவது இருமினாக்கூட நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

மறுநாள் விடிகாலையில் முவத்தர் என்னை ஐஸ் வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டாள். மரியாதைக்காக என்று முதலில் நினைத்தேன். "நீங்க வெளிய இருந்தா தெரு எப்படிக்கா சத்தமில்லாம இருக்கும்?" என்றாள். அசையக்கூடாது, பேசக்கூடாது என்று ஜன்னலோரம் ஒரு ஸ்டூல் கொடுத்தாள். பம்புகளிலிருந்து வருகிற குழாய் மணல் நிரப்பிய பெட்டி வழியாகப் போனது, அதிர்வு உள்ளே வராமல் இருக்க. வலேரி அந்தப் பெட்டியருகே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் கல்லுக்கு ஒரு துளி சூடு. மேடு வரவேண்டிய இடம் இன்னும் வெகுதூரம்.

ஜன்னலுக்கு வெளியே நான் பார்த்த மாதிரி ஒரு புலாவை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தெரு முழுக்க மெத்தைகள் விரித்திருந்தார்கள். சமையல்காரர் இரும்புக் கரண்டியை வைத்துவிட்டு மரக் கட்டையால் அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் முகம் மாமியார் வீட்டில் சாப்பிடுகிறவர் முகம் மாதிரி இருந்தது. ஆண்கள் வந்தார்கள், நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார்கள், உதட்டை மட்டும் அசைத்து வாழ்த்தினார்கள், மெத்தையில் உட்கார்ந்து மெல்லுவதுகூடத் தெரியாமல் சாப்பிட்டார்கள். நுஸ்ரத்தில்லா வாசலில் நின்று, யாராவது வாயைத் திறந்தால் விரலைத் தூக்கினார். இத்தனை வருஷத்தில் அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் விடிகாலையில் ஆண்கள் தொப்பியும் மேலங்கியுமாகச் சத்தமில்லாமல் ஒரு வாசலில் கூடி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இத்தனை பேர் கூடிக் காரட் நறுக்கினோம், ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

நுஸ்ரத்தில்லாவின் அக்கா குமுஷ் தன் ஊரான பார்கென்ட்டிலிருந்து வந்த டாக்ஸி தெருமுனையில் நின்றது. கையில் கல்யாணத்துக்கு ஒரு பெரிய மூட்டை. இறங்கித் தெருவைப் பார்த்தார். கர்னாய் இல்லை, மேளம் இல்லை, தலை குனிந்த ஆண்கள். மூட்டை கீழே விழுந்தது.

"ஐயோ தம்பி. என் தம்பி போயிட்டானே."

அந்த அம்மாள் அழுகைக்குப் பெயர் போனவர். பார்கென்ட்டில் துக்க வீட்டுக்குக் கூப்பிட்டுப் போவார்கள். ஓடி வந்து இரும்புக் கதவின் மேல் விழுந்து இரண்டு கையாலும் அடித்தார். கதவு அதிர, சுவர் அதிர, திரையில் அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த புள்ளி ஒன்று துள்ளி மேலே போய் விழுந்தது. அடுத்தது கீழே. அடுத்தது திரைக்கே வெளியே.

"தங்கமே, பையன் கல்யாணத்தப் பாக்காமப் போயிட்டியே. சிமெண்டுல வீடு கட்டி மண்ணுக்குள்ள போயிட்டியே."

சற்று முன்தான் உள்ளே போயிருந்த நுஸ்ரத்தில்லா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். இரண்டு கையையும் விரித்து, வாயை அகலத் திறந்து, காற்றைப் போன்ற குரலில் சொன்னார்:

"அக்கா. நான் உயிரோடதான் இருக்கேன். கொஞ்சம் மெதுவா."

குமுஷ் அவரைப் பார்த்தார். பேய் என்று நினைத்திருக்க வேண்டும், இன்னும் பலமாக ஒரு அலறல். அப்புறம் அவர் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். சூடாக இருந்தது. உடனே அதே கன்னத்தில் ஓங்கி ஒரு அறை.

"உயிரோட இருக்கறவன் எதுக்குடா ஊரைக் கூட்டி வாய மூடிட்டு நிக்கிறே?"

"கல்லுக்காக, அக்கா."

"யாருக்காக?"

அதற்குள் நாலு ஆண்கள் அந்த அம்மாளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் மெத்தையில் இருந்தவர்கள் தொப்பியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூடச் சத்தம் வரவிடவில்லை. அதை இன்றைக்கும் நான் பெருமையாகச் சொல்வேன்.

முவத்தர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டின் நடுவில் முள்செடி முளைத்த மாதிரி ஒரு கிறுக்கல்.

"போச்சு," என்றாள். "ரெண்டுல ஒண்ணு போச்சு."

நான் வாயைத் திறந்தேன். அவள் விரலைத் தூக்கினாள். மூடிக்கொண்டேன்.

வலேரி மணல் பெட்டியருகிலிருந்து வெறுங்காலில் நடந்து வந்தார். குனிந்து திரையைப் பார்த்தார். கிறுக்கலின் மேல் விரலை வைத்து, அங்கிருந்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்தி, இன்னும் புள்ளி விழாத வெற்று இடத்தில் நிறுத்தினார்.

"மேடு இங்க. அழுகை அங்க."

முவத்தர் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குப் பிறகு புள்ளிகள் திரும்ப ஒழுங்குக்கு வந்தன. தட்டையாக ஒரு வரிசை. வெளியே புலாவ் முடிந்து, மெத்தைகளைச் சுருட்டாமல் அப்படியே விட்டுவிட்டு, ஆண்கள் கால்விரலில் நடந்து கலைந்தார்கள். காற்றுகூட இல்லை. முவத்தர் நகத்தைக் கடித்தாள். ஒரு புள்ளி, முந்தியதைவிடச் சற்று மேலே விழுந்தது. அடுத்தது இன்னும் மேலே. அதற்கடுத்தது இன்னும். யாரும் எதையும் அடிக்காத, யாரும் அழாத அந்த நிசப்தத்தில் மேடு தானாக எழுந்து, உச்சிக்குப் போய், மெதுவாக இறங்கியது.

என்னை அசையாதே என்று சொன்னவள், தானே எழுந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வலேரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தார்.

சாயங்காலத்துக்குள் கல்லைத் திரும்பக் குளிரவைத்து, கடைசி ஹீலியத்தில் அளவையை மறுபடி தொடங்கினார்கள். பேராசிரியர் ஹோல்கர் இந்தத் தடவை போனில் முகம் காட்டினார். முவத்தர் அவருக்குக் காலைக் கோட்டைக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முள்செடியைக் காட்டி ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கறார்?" என்றேன்.

"இது என்னன்னு கேக்கறார்."

"என்ன சொன்னே?"

"மாப்பிள்ளையோட அத்தைன்னு சொன்னேன்."

அந்த மனிதர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தார். சத்தம் கல்லில் எப்படி விழும் என்பதற்கு அவருக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று முவத்தர் பிறகு எனக்குச் சொன்னாள். மனுஷச் சத்தம் முள்ளாகத்தான் விழுகிறது, மேடாக விழவில்லை. ஆனால் அது ஒரு அத்தையின் அழுகைதானே, ஒரு கல்யாணம் முழுக்க என்றால் எப்படியோ, அதையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். நல்ல பேராசிரியர். எளிதில் மயங்குகிறவர் இல்லை.

பெண் வந்த கார்கள் தெருவுக்குள் திரும்பியதும் நுஸ்ரத்தில்லா கையை உயர்த்தினார். காலை முழுக்க வாயைக் கட்டிப்போட்ட தெரு அது. எர்காஷும் மச்சானும் கர்னாய்களை வானத்தை நோக்கித் தூக்கி ஊதினார்கள். தாயிராக்கள் சேர்ந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். குமுஷ் அத்தையே நடுவில் இறங்கி, காலையில் செத்துப்போன தம்பியைச் சுற்றிச் சுற்றி ஆடினார். சமையல்காரர் இரும்புக் கரண்டியால் காலி அண்டாவை அடித்துக் காலையின் கோபத்தைத் தீர்த்துக்கொண்டார். ஐஸ் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. நான் உள்ளே வெளியே என்று எத்தனை தடவை ஓடினேன் என்று எனக்கே தெரியாது. இரும்புக் கதவில் இந்தத் தடவை யாரும் கை வைக்காததால், திரையில் புள்ளிகள் மேலும் கீழுமாகக் கொஞ்சம் தள்ளாடிக்கொண்டே நடந்தன, கள் குடித்தவன் நடக்கிற மாதிரி. ஆனால் அவன் வீட்டு வழியை மறக்கவில்லை. தள்ளாடிக்கொண்டே அதே இடத்தில் ஏறினான். அதே இடத்தில் உச்சி. அதே இடத்தில் இறங்கினான்.

முவத்தர் இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். சத்தத்தில் வந்தது ஒரு மயிரிழை உயர்ந்திருந்தது. மேடு மேட்டின் மேலேயே உட்கார்ந்தது. போனுக்குள்ளிருந்து ஹோல்கர் ஏதோ மெதுவாகச் சொன்னார். முவத்தர் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. போனை மேஜை மேல் வைத்துவிட்டுக் கண்களைத் துடைத்தாள். பிறகுதான் சொன்னாள், தான் ஆடியது வீண் இல்லை என்றாராம், கட்டுரையில் தன் பெயரைத் தன் சந்தேகத்தோடு சேர்த்துப் போடலாம் என்றாராம், தலைவருக்குத் தானே இன்றே போன் செய்கிறேன் என்றாராம்.

"அப்ப சரவிளக்கு?" என்றேன்.

"வேற கூரை பாக்கட்டும்."

அவள் வெளியே வந்ததும் மேளம் நின்றது. ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. நுஸ்ரத்தில்லா வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சொல்லு."

"மேடு அசையல, சித்தப்பா. காலைல எங்க இருந்துச்சோ அங்கதான் இருக்கு. அது கல்லோடதுதான். கூடம் நமக்கே."

எல்லோரும் கை தட்டினோம். குமுஷ் அத்தை அவளைக் கட்டிப்பிடித்து, எதற்கென்று கேட்காமலே அழுதார். நுஸ்ரத்தில்லா மட்டும் கை தட்டவில்லை.

"அசையலயா?"

"அசையல."

"ரெண்டு கர்னாய். இத்தனை தாயிரா. என் அக்கா வேற. ஒரு பட்டாணிக் கல்லை எங்களால அசைக்க முடியலயா?"

"அசைஞ்சிருந்தா நான் தோத்திருப்பேன், சித்தப்பா."

"நீ ஜெயிச்சது சந்தோஷம்தான், பொண்ணே. ஆனா கொஞ்சம்கூடவா? டென்மார்க்குக்கே போன மேளம்டி அது."

முவத்தர் அவர் முகத்தைப் பார்த்தாள். "மொத்தக் கோடும் ஒரு மயிரிழை மேல ஏறியிருக்கு. அது உங்க கல்யாணம்தான்."

"ஏறியிருக்கா?" அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஏறியிருக்காம்." பிறகு மறுபடி அவளிடம், குரலைத் தாழ்த்தி: "ஒரு மயிரிழைதானா? எர்காஷ் சரியா மூச்சுப் பிடிக்கல, நான் பாத்தேன். இன்னும் கொஞ்சம் ஹீலியம் இருக்கா?"

முழு அளவைக்குப் போதாது, ஆனால் குடுவையின் அடியில் கொஞ்சம் இருக்கிறது, இருட்டுகிற வரைக்கும் தாங்கும் என்றாள் அவள்.

நுஸ்ரத்தில்லா எர்காஷைக் கழுத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். மணமகளை இன்னும் காரிலிருந்து இறக்கவில்லை என்பதை ஷரோஃபத் நினைவுபடுத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முவத்தரே போய், கனமான அந்தப் பித்தளைக் கர்னாயின் வாயை இரண்டு கையாலும் தாங்கி, கல் இருக்கிற பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊதுங்க, எர்காஷ் அண்ணே," என்றாள்.